துளை பிசகாத தபால் தலை

மார்ச் 4

தம்பிக்கு,

போன் செய்தால், "அக்கா, பக்கத்துல ஆள் இருக்காங்க" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது.

கேட்பது ஒன்றே ஒன்று. எங்கள் தபால் தலை அச்சகத்தில் தீப்பிடித்ததற்கு விசாரணைக் குழு போட்டார்கள். குழு ஏழு மாதம் உட்கார்ந்து எழுந்தது. அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது என்று நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டினார்கள். அதோடு சரி. பேச்சுமூச்சில்லை. அந்த அறிக்கையில், அந்தத் தீயில் போன உன் அத்தானைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது?

மை அறையில் சிகரெட் பற்றவைத்தார், அதனால் தீ என்று மேலாளர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். உன் அத்தானா? கையில் தின்னர் வாடை இருக்கிறது என்று வீட்டில் அடுப்பைக்கூடத் தொடமாட்டார். நான் குளித்துக்கொண்டிருந்தால் வெந்நீர் வைக்கக்கூட நான் வரும்வரை காத்திருப்பார். பதினாறு வருஷம் அச்சு மெஷின் ஓட்டியவர் உள்ளே போய் சிகரெட் பிடித்தாராம்!

போன வாரம் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் நம் பாப்பாவிடம், "உங்கப்பாதான் ஃபேக்டரிய கொளுத்தினாராமே" என்று கேட்டிருக்கிறாள். இவள் ஜியாமெட்ரி பாக்ஸால் அடித்துவிட்டாள். தலைமையாசிரியை முன்னால் நான் கைகட்டி நின்றேன். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். நான் கேட்டேன், பாப்பா கேட்கவில்லை. அன்றைக்கே அவளுக்குக் காய்ச்சல்.

தீ வைத்தவன் பெண்டாட்டியை ஷீட் பக்கம் விடக்கூடாது என்று என்னை ஊருக்கு அந்தக் கடைசியில் உள்ள கவர் கிடங்குக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். பத்தொன்பது வருஷம் அச்சான தலைகளைச் சரிபார்க்கும் ஷீட் செக்கராக இருந்தவள் இப்போது அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிறேன்.

நீ ரகசியக் காகிதங்களைப் பூட்டிவைக்கும் மந்தணப் பிரிவில் பதிவேடு வைத்திருப்பவன். அறிக்கை உன் அலமாரியைத் தொடாமல் எங்கும் போயிருக்காது. பதில் போடு.

அக்கா

*

மார்ச் 15

கடித எண் 114/மந்தணம்

அம்மையீர்,

தங்களின் மார்ச் 4 நாளிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றது. தபால் தலை உற்பத்தி தொடர்பான அறிக்கைகள் யாவும் மந்தண வகையைச் சார்ந்தவை. ஆகவே தாங்கள் குறிப்பிடும் அறிக்கை இருக்கிறது என்றோ இல்லை என்றோ உறுதி செய்ய இயலாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். இப்பொருள் குறித்து மேற்கொண்டு கடிதப் போக்குவரத்தைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.

தங்கள் உண்மையுள்ள,
பதிவேட்டுக் காப்பாளர்

(அக்கா, பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா?)

*

மார்ச் 20

தம்பிக்கு,

அம்மையீரா? உன் மூக்கைச் சிந்திவிட்ட கைக்கா இந்த மரியாதை? அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு மாதம் உனக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது எந்த அம்மையீர்?

இருக்கிறது என்றோ இல்லை என்றோ உறுதி செய்ய இயலாதாம். உன் அத்தான் செத்ததையாவது உறுதி செய்வாயா, அல்லது அதற்கும் எண் போட்டு அலமாரியில் வைத்துவிட்டாயா? சவப்பெட்டியைத் தூக்கும்போது நீதான் முன்னால் நின்றாய்.

எனக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்துக்கொள்ளாதே. மை அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் தின்னர் ஆவி வெளியே போகும். ஆனால் வெளிக்காற்று உள்ளே வந்து தாள் காய்ந்து சுருங்கும். சுருங்கிய தாளில் துளை மெஷின் ஓட்டினால் தலைக்குத் தலை நடுவே விழ வேண்டிய துளை படத்தின் மேல் ஏறிவிடும். அந்த ஷீட்டைத்தான் நான் கழிப்பேன். அவசர வேலை வந்தால் மேலாளருக்குக் கழிவு ஆகாது. ஃபேனை நிறுத்து என்பார். ஃபேன் நின்றால் துளை பிசகாது. ஆட்களுக்குத்தான் தலை சுற்றும்.

தீப்பிடிப்பதற்கு முன்னால் நூற்றாண்டுத் தலை அச்சாகும்போது உன் அத்தான் வந்து படியிலேயே உட்கார்ந்துவிடுவார். "திரும்பவும் ஃபேன நிறுத்திட்டாங்க. ஒரு பொறி போதும்" என்பார். மேலே சொல்லக்கூடாதா என்று கேட்டால், "எப்பவோ எழுதிப் போட்டாச்சு. சேர வேண்டிய எடத்துல சேந்துருக்கு" என்பார். யாருக்கு எழுதினார் என்று நான் கேட்காமல் விட்டேன்.

இதெல்லாம் அறிக்கையில் இருக்கிறதா, இல்லை சிகரெட்தான் இருக்கிறதா?

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இதையும் மந்தணமாக வைத்துக்கொள்.

அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை ஆபீசிலிருந்து மூன்று பஸ் நிறுத்தம் தள்ளிப் போடுகிறேன். நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். திட்டியது வலிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

என் இடம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாது. தபால் தலை உற்பத்தி என்ற வார்த்தை எந்தக் காகிதத்தில் வந்தாலும் சிவப்பு முத்திரை குத்த வேண்டும். எத்தனை தலை அச்சாகிறது என்று தெரிந்தால் கள்ளத்தலை அடிப்பவனுக்கு வசதி என்பது ஆதிகாலத்துக் காரணம். இப்போது கேன்டீனில் எத்தனை தட்டு கழுவினார்கள் என்பதும் மந்தணம், தட்டை வைத்து ஆளையும் ஆளை வைத்து ஷீட்டையும் கணக்குப் போட்டுவிடலாமாம். கிடங்குக்குப் பூனை வாங்க அனுமதி கேட்ட கடிதம்கூட என் அலமாரியில் இருக்கிறது. அங்கே எலி இருப்பது அரசு ரகசியம். சிரிக்காதே, நான்தான் முத்திரை குத்தினேன்.

நீ கேட்டது மூன்று பிரதியாக வந்தது. ஒன்று இயக்குநரின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. மற்ற இரண்டையும் ரத்து செய்யச் சொன்னார்கள். கழித்த தலைகளை ரத்து செய்ய விரல் பருமனுக்கு ஓட்டை போடும் பழைய மிதி மெஷின் ஒன்று உங்கள் அச்சகத்திலிருந்து இங்கே வந்திருக்கிறதே, அதில் நானே மிதித்தேன். ஒவ்வொரு பக்கமும் சல்லடையாகிவிட்டது. படிக்கவில்லை. கேட்காதே.

அழிக்கப்பட்டது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. கூழாக்க அனுப்புவதற்கு மேலதிகாரி கையெழுத்து வேண்டும். அவர் நீண்ட விடுப்பில் இருக்கிறார். அதனால் அந்த மூட்டை என் நாற்காலிக்குப் பின்னால் கிடக்கிறது. பதிவேட்டின்படி அங்கே ஒன்றும் இல்லை. மதியம் அசதியாக இருந்தால் அந்த ஒன்றும் இல்லாததன் மேல்தான் கால் நீட்டிக்கொள்கிறேன்.

எனக்கும் இரண்டு பிள்ளைகள். வெளியே விட்டால் வேலை மட்டும் போகாது, ஜெயில். போனவர் போய்விட்டார். விட்டுவிடேன் அக்கா.

தம்பி

*

ஏப்ரல் 9

தம்பிக்கு,

உன் கடிதத்தைவிட உன் உறையைத்தான் அதிக நேரம் பார்த்தேன்.

அதில் ஒட்டியிருப்பது போன மாதம் வெளியிட்ட மீசைத் தலைவர் படம். ஜூன் வரை இரவு பகலாக அது அச்சாகப் போகிறது. கையில் எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். நான்கு பக்கமும் துளை மயிரிழை பிசகவில்லை.

இந்த வெயில் காலத்தில் ஃபேன் ஓடினால் இப்படி வராது தம்பி. மார்ச் பிறந்துவிட்டால் நூறு ஷீட்டுக்கு எட்டு ஷீட்டாவது கழிக்காமல் நான் வீட்டுக்குப் போனதில்லை. இவ்வளவு அழகாக நான் பார்த்த கடைசித் தலை எது தெரியுமா? நூற்றாண்டுத் தலை. உன் அத்தான் அச்சடித்துக்கொண்டிருந்தது.

மறுபடி ஃபேனை நிறுத்திவிட்டார்கள்.

நேற்று அச்சக வாசலுக்குப் போனேன். மேலாளரிடம் ஃபேனைப் போடச் சொன்னேன். "உள்ள என்ன நடக்குதுன்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது? அதெல்லாம் மந்தணம்" என்று அதட்டினார். யாரும் சொல்லவில்லை, உங்கள் தலையே சொல்கிறது என்றேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

உன் அத்தான் மெஷினில் இப்போது நிற்பது யார் தெரியுமா? எல்லோரும் சிரிப்பு என்று கூப்பிடுவார்களே, அவர். போன மாதம்தான் குழந்தை பிறந்திருக்கிறது. என்னைக் கண்டதும், "அண்ணி, என்ன இந்தப் பக்கம்?" என்று சிரித்துக்கொண்டே வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். தூக்கம் போதவில்லை என்றார். உன் அத்தானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் சொன்னால் புருஷனை இழந்தவளின் புலம்பல். குழு எழுதியதைக் காட்டினால்தான் நம்புவார்கள். போனவர் போய்விட்டார் என்று எழுதியிருக்கிறாய். இன்னும் போகாதவர்கள் உள்ளே நிற்கிறார்கள். நீ காலை எடு. அந்த ஒன்றும் இல்லாததை எனக்கு அனுப்பு.

அக்கா

*

ஏப்ரல் 18

அக்கா,

பழைய காலண்டரில் சுற்றி இரண்டு கட்டு அனுப்பியிருக்கிறேன். மூட்டையில் பதிலுக்குக் கேன்டீன் தட்டுக் கணக்கைத் திணித்துவிட்டேன்.

பதிவேட்டின்படி இல்லாத ஒன்றை எடுத்தால் திருட்டாகாது என்று மூன்று நாள் எனக்கு நானே வாதாடி ஜெயித்தேன். ஜெயித்த பிறகும் கட்டின் மேல் அனுப்புநர் பெயரை எழுதவில்லை.

ஓட்டை போக ஒரு வாக்கியம்கூட முழுதாக மிச்சமில்லை. இதை வைத்துக்கொண்டு யாரையும் நம்பவைக்க முடியாது. ஆனால் அனுப்பவில்லை என்று நீ சொல்லக்கூடாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என் பெயர் எங்கும் வரக்கூடாது.

தம்பி

*

ஏப்ரல் 27

தம்பிக்கு,

நீ உருப்படியாகச் செய்த ஒரே காரியம் ஓட்டை போடும் வேலையைக் கெடுத்ததுதான்.

அந்த மிதி மெஷினில் இடது ஓரம் ஓர் ஆணி இருக்கிறதே, அது சட்டை மாட்ட இல்லை. தாளை அதில் முட்டவைத்துவிட்டுத்தான் மிதிக்க வேண்டும். அப்போதுதான் எல்லாத் தாளிலும் ஓட்டை ஒரே இடத்தில் விழும். நீ ஒரு கட்டின் தாள்களை முட்டவைத்திருக்கிறாய், இன்னொன்றை அவசரத்தில் அப்படியே செருகியிருக்கிறாய். ஒன்றில் ஓட்டை விழுந்த இடத்தில் மற்றதில் எழுத்து அப்படியே இருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஓரம் சரிசெய்தேன். மேல் தாளின் ஓட்டை வழியாக அடித்தாளின் எழுத்து எட்டிப் பார்த்தது. ஓரம் சரிசெய்வதற்குத்தானே இத்தனை வருஷம் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது.

பாப்பா படிக்கப் படிக்க நான் எழுதினேன். ஆறு நாள் ஆயிற்று. இருபத்தொன்பதாம் பக்கம் வந்ததும் அவளை வெளியே போய் விளையாடச் சொன்னேன். "இல்லம்மா, இத நான்தான் படிப்பேன்" என்று நகரவே இல்லை. அவள் படித்தது இது:

"சிகரெட்டோ தீப்பெட்டியோ எதுவும் கண்டெடுக்கப்படவில்லை. மேலாளரின் உத்தரவுப்படி மின்விசிறிகள் பதினொரு நாட்களாக நிறுத்தப்பட்டிருந்தன. உருளையில் தாள் உரசி எழுந்த மின்பொறியே தீக்குக் காரணம். இயந்திர ஓட்டுநர் நான்கு பேரை வெளியே தள்ளிவிட்டு, மை கலப்பவரைத் தேடி மீண்டும் உள்ளே சென்றார். மை கலப்பவர் அதற்கு முன்பே பின்கதவு வழியாக வெளியேறியிருந்தார்."

மீண்டும் உள்ளே போயிருக்கிறார் தம்பி. இதைத்தான் ஓட்டை போட்டாய். படிக்கவில்லை என்கிறாய். நம்பச் சொல்கிறாயா? ஒரு வருஷமாக என் பிள்ளை தலைகுனிந்து பள்ளிக்கூடம் போகிறாள், இந்தப் பக்கத்தின் மேல் நீ கால் நீட்டிக்கொண்டிருந்தாய்.

இன்னொன்று. முப்பத்தாறுக்கு அடுத்தது முப்பத்தெட்டு. இரண்டு கட்டிலும் அப்படியே. ஷீட் எண்ணியே பிழைத்தவளிடம் ஒரு தாளை ஒளிக்கப் பார்க்கிறாயா? முப்பத்தாறின் கடைசி வரி: "விபத்துக்கு எட்டு மாதம் முன்பு இயந்திர ஓட்டுநர் அனுப்பிய எச்சரிக்கைக் கடிதம் அடுத்த பக்கத்தில் இணைக்கப்பட்டுள்ளது." முப்பத்தெட்டின் முதல் வரி: "இக்கடிதம் எவருடைய பார்வைக்கும் வைக்கப்படவில்லை."

ஏன் வைக்கப்படவில்லை? முப்பத்தேழு எங்கே?

அக்கா

*

மே 6

அக்கா,

முப்பத்தேழு இந்த உறைக்குள் இருக்கிறது. மிதிப்பதற்கு முன்பே இரண்டு கட்டிலிருந்தும் உருவிவிட்டேன். ஒன்றை எரித்தேன். இன்னொன்றை எரிக்க முடியவில்லை. அதில் அத்தான் கையெழுத்து இருந்தது.

நான் அறிக்கையை ஓர் எழுத்து விடாமல் படித்தேன். பொய் சொன்னேன்.

அத்தான் இயக்குநருக்கு எழுதிய கடிதம் முதலில் என் மேஜைக்குத்தான் வந்தது. கூம்பு கூம்பான அந்த எழுத்தை உறையிலேயே அடையாளம் கண்டுகொண்டேன். முதல் வரியில் தபால் தலை உற்பத்தி என்று இருந்தது. சிவப்பு முத்திரை குத்தினேன். மந்தணக் காகிதத்தை அதிகாரி கேட்டால்தான் கொடுக்கலாம். அவர் கேட்க வேண்டுமானால் அப்படி ஒன்று வந்திருப்பது அவருக்குத் தெரிய வேண்டும். அதை நானாகப் போய்ச் சொல்வது விதிமீறல். எண் போட்டேன், சுருக்கொப்பம் போட்டேன், அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பூனைக் கடிதத்துக்குப் பக்கத்தில்.

அன்று சாயங்காலம் அத்தானுக்குப் போன் செய்தேன். "அத்தான், உங்க லெட்டர் வந்துருச்சு. பத்திரமா இருக்கு" என்றேன். அவர் எவ்வளவு சந்தோஷப்பட்டார் தெரியுமா? "அப்பாடா, உங்கிட்டயே வந்து சேந்துச்சா! இனிமே கவலையில்ல மாப்ள" என்றார். சேர வேண்டிய இடத்தில் சேர்ந்திருக்கிறது என்று உன்னிடம் சொன்னது என்னை நம்பித்தான்.

எட்டு மாதம் அக்கா. ஒரு தடவையாவது இயக்குநர் அறைக்கு எழுந்து போய், சார், இதைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் இருப்பது ஒரு தண்ணீர்ப் பானை மட்டும்தான். விதி விதி என்று உட்கார்ந்திருந்தேன். தீக்குப் பிறகு குழு கேட்டபோதுதான் அலமாரியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தேன். பெட்டியைத் தூக்கும்போது முன்னால் நின்றேன் என்று எழுதியிருந்தாய். பின்னால் நின்றால் உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், அதனால்தான்.

வலது மூலையில் என் சுருக்கொப்பமும் தேதியும் இருக்கின்றன. வெட்டிவிட்டு அனுப்பலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். ஓரத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாய் என்று வைத்துவிட்டேன். யாரிடமாவது காட்டினால் அந்த மூலையை மட்டும் மடித்துவிடு. காலில் விழுந்து கேட்கிறேன். என் பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன்.

தம்பி

*

மே 19

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் பேனாவைத் தொடவில்லை. தொட்டிருந்தால் எழுதக்கூடாததை எழுதியிருப்பேன். எழுதக்கூடாது என்று இப்போதும் தோன்றவில்லை, நேரம்தான் இல்லை.

திங்கள்கிழமை காலை ஷிப்டுக்கு முன்னால் நானும் பாப்பாவும் வாளியில் பசை காய்ச்சி எடுத்துக்கொண்டு போய், நாற்பத்தொரு பக்கத்தையும் அச்சகத்தின் வெளிச்சுவரில் வரிசையாக ஒட்டினோம். என் கையெழுத்துப் பிரதி மேலே, உன் சல்லடைத் தாள்கள் அடியில். வேண்டுமென்றால் யாரும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஷிப்டுக்கு வந்தவர்கள் நின்று படிக்க ஆரம்பித்தார்கள். மேலாளர் ஓடிவந்து, "இது மந்தணம்! கிழிங்கடா!" என்று கத்தினார். யாரும் கை வைக்கவில்லை. மை கலப்பவர் இருபத்தொன்பதாம் பக்கத்தின் முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தார். அவரைத் தேடித்தான் உன் அத்தான் திரும்பப் போனார் என்பது அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும். அவரும் குழுவிடம் சாட்சி சொல்லியிருக்கிறார், கேட்டாயா? "ஃபேன் நின்னதப் பத்தி நான் சொன்னதத்தான் சார் எழுதிருக்காங்க. மிச்சத்த எனக்கே இத்தன நாளா காட்டல" என்று மேலாளர் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

சிரிப்பு அன்று சிரிக்கவில்லை. ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டால்தான் உள்ளே வருவோம் என்று எல்லோரையும் வாசலிலேயே உட்கார வைத்துவிட்டார். பத்தே முக்காலுக்குச் சத்தம் கேட்டது.

இப்போது அந்த மூலை. மடித்தேன் தம்பி. முப்பத்தேழை ஒட்டும் முன்னால் நீ கேட்டபடியே மடித்தேன். உன் பிள்ளைகள் முகம் எனக்கும் தெரியும். மடித்ததும் பாப்பா, "அங்க என்னம்மா இருக்கு?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்று சொல்ல வாய் வந்தது. உன் மூட்டை ஞாபகத்துக்கு வந்தது. நானும் உன் ஆபீஸ் மாதிரி ஆகிவிட்டேனே என்று உடம்பெல்லாம் எரிந்தது. பிரித்து, நகத்தால் நீவி, நன்றாகப் பசை போட்டு ஒட்டிவிட்டேன். மடிப்புக் கோடு தெரிகிறது. தெரியட்டும். நீ ஒளித்ததும் நான் ஒளிக்கப் பார்த்ததும் சேர்ந்தே இருக்கட்டும்.

உன்னைத் தேடி வருவார்கள். அதற்கு முன்னால் நீயே எழுந்து அந்தத் தண்ணீர்ப் பானையைத் தாண்டிப் போய்ச் சொல்லிவிடு. எட்டு மாதத்தில் நடக்காத தூரத்தை இப்போதாவது நட.

நான் மன்னிக்கவில்லை. பாப்பா மட்டும் மாமா வருவாரா என்று கேட்கிறாள். வா. வாசலிலேயே நிறுத்தித் திட்டுவேன். அதற்குப் பிறகு சோறு போடுவேன் என்றோ மாட்டேன் என்றோ உறுதி செய்ய இயலாது.

உறையில் ஒட்டியிருக்கும் தலையைப் பார்த்தாயா? இந்த வாரம் அச்சானது. துளை கோணிக்கொண்டு போய் மீசையில் பாதியைக் காணோம். நான் மேஜையில் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கழித்துப் போட்டிருப்பேன். தபால் நிலையத்தில் ஷீட் ஷீட்டாகப் புரட்டச் சொல்லி, அரை மணி நேரம் நின்று, இதைத் தேடி வாங்கி ஒட்டியிருக்கிறேன்.

அக்கா